பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் திறக்கிறீர்களா? ஃபிளாப்பி முதல் மறந்துபோன மின்னஞ்சல் வரை, மீட்கவும் பூட்டவும் ஒரு முழுமையான வழிகாட்டி

அலமாரியின் அடித்தட்டில் தூங்கும் அந்த அட்டைப்பெட்டியில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ரப்பர் பேண்ட் போட்ட ஃபிளாப்பிகள், மார்க்கரால் "பேக்கப்" என்று மட்டும் எழுதிய சிடிகள், எதற்கு உரியது என்று தெரியாத மூன்று சார்ஜர்கள், ஒரு ஹார்ட் டிஸ்க், எண்கள் தேய்ந்துபோன பட்டன் போன்.

பெட்டியைத் திறக்க வைப்பது ஏக்கம்தான். பழைய படங்கள், கடிதங்கள், எப்போதோ எழுதிய கதைகள் எல்லாம் கிடைக்கும். கூடவே, இன்றும் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பாஸ்வேர்டின் மூலவடிவமும், மூடாமல் விட்ட கணக்குகளின் தடயங்களும் அங்கேதான் கிடக்கின்றன. அதனால் இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் மீட்பது, அடுத்து பூட்டுவது, கடைசியில்தான் தூக்கிப் போடுவது. பலர் தூக்கிப் போடுவதில் தொடங்கிவிடுகிறார்கள். அப்புறம்தான் தெரியும், பழைய கணக்கு ஒன்றைத் திறக்க அந்த பட்டன் போனில் இருந்த சிம்தான் வேண்டும் என்று.

படி 1: எதையும் ஆன் செய்யாமல் பிரித்து வையுங்கள்

பழைய கம்ப்யூட்டர் கண்ணில் பட்டதும் பிளக்கைச் சொருகத்தான் கை போகும். பொறுங்கள். பல வருடம் சும்மா கிடந்த பவர் சப்ளையில் கெபாசிட்டர்கள் கெட்டிருக்கலாம். ஸ்விட்ச் போட்டதும் புகை வந்தால் மதர்போர்டோடு டிஸ்க்கும் போய்விடும். 90-களின் தொடக்கத்து மதர்போர்டுகள் சிலவற்றில் நிக்கல் காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்து செம்புத் தடங்களை அரித்திருக்கும். உள்ளே இருக்கும் கோப்புகள் மட்டும்தான் வேண்டும் என்றால் அந்த கம்ப்யூட்டரை ஓடவைக்கவே தேவையில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் போதும்.

இல்லை, விண்டோஸ் எக்ஸ்பி திரையின் அந்தப் பச்சைப் புல்வெளியையும் நீல வானத்தையும் ஒரு தடவையாவது பார்த்தே ஆகவேண்டும் என்றால், கோப்புகளைக் காப்பி எடுத்த பிறகு பாருங்கள். நெட்வொர்க் கேபிள் மட்டும் வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 98-க்கு 2006-லேயே நின்றாயிற்று.

பெட்டியில் உள்ளவற்றை அவை கெடும் வேகத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஃபிளாப்பிகள் முதலில், நாமே எழுதிய சிடிகள் அடுத்து, பிறகு ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், மெமரி கார்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, லேபிளை போனில் படம் எடுத்து வையுங்கள். "கல்யாணம் 2" என்று லேபிளில் இருப்பது உள்ளே கோப்புப் பெயரில் இருக்காது. எட்டு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் விட்டதில்லையே.

படி 2: தேவையான சாமான்கள்

யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று, யுஎஸ்பி சிடி டிரைவ் ஒன்று, ஐடிஇ மற்றும் சாட்டா (ஹார்ட் டிஸ்க்கை இணைக்கும் பழைய முறையும் புதிய முறையும்) இரண்டையும் ஏற்கும் அடாப்டர் ஒன்று. அடாப்டர் வாங்கும்போது தனி மின் இணைப்பு உள்ளதா என்று பாருங்கள். 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி வயரில் அது வராது. இவை போக ஐசோப்ரொபைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, காப்பிகளை வைக்க ஒரு புது ஹார்ட் டிஸ்க். அவ்வளவுதான்.

படி 3: ஃபிளாப்பி

3.5 அங்குல ஃபிளாப்பியின் மூலையில் சின்னதாக ஒரு நகரும் தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தள்ளி, ஓட்டை தெரியும்படி வைத்தால் டிஸ்க்கில் எதையும் எழுத முடியாது. டிரைவில் போடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள். நகராத இன்னொரு ஓட்டை எதிர் மூலையில் இருந்தால் அது 1.44 எம்பி டிஸ்க் என்பதன் அடையாளம். அதைத் தொட வேண்டாம்.

அடுத்து, மேலே உள்ள உலோக மூடியை விரலால் நகர்த்தி உள்ளே வெளிச்சத்தில் பாருங்கள். பின்பக்கத்து உலோகக் குடுமியை மெல்லத் திருகினால் டிஸ்க் முழுவதும் சுற்றி வரும். கரும்பழுப்பாக, ஒரே சீராக மின்னினால் நல்லது. வெள்ளைப் புள்ளிகளோ சாம்பல் படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். அந்த டிஸ்க்கை அப்படியே போட்டால் பூஞ்சணம் டிரைவின் ஹெட்டில் (டிஸ்க்கைப் படிக்கும் முனையில்) ஒட்டிக்கொண்டு, அடுத்து போடும் நல்ல டிஸ்க்கையும் வட்ட வட்டமாகக் கீறிவிடும். பூஞ்சணம் பிடித்தவற்றை ஒதுக்கி வைத்துக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் ஏதாவது ஒரு டிஸ்க் கிறீச்சென்று சத்தம் போட்டால் நிறுத்தி, ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

டிஸ்க்கைப் போட்டதும் "ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கலாம். எத்தனை முறை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். படிக்க முடியவில்லை என்பதைத்தான் அது அப்படிக் கேட்கிறது.

கோப்புகளைத் தனித்தனியாக இழுத்துப் போடுவதைவிட, முழு டிஸ்க்கையும் அச்சு அசலாக ஒரே கோப்பாக, அதாவது இமேஜாக, எடுப்பது மேல். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இதற்கென்றே இருக்கிறது. முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். விண்டோஸில் வின்இமேஜ் இந்த வேலையைச் செய்யும். 1.44 எம்பி டிஸ்க்கின் இமேஜ் முழு நீளத்துக்கும் வந்ததா என்று அதன் அளவைப் பாருங்கள்: 14,74,560 பைட். இரண்டு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட், பெருக்கிப் பாருங்கள். இதை இரண்டு தடவையும் 1,000-ஆல் வகுத்தாலும், இரண்டு தடவையும் 1,024-ஆல் வகுத்தாலும் 1.44 வராது. 14,74,560 பைட்டை ஒரு தடவை 1,024-ஆலும் இன்னொரு தடவை 1,000-ஆலும் வகுத்துக் கிடைத்த எண் அது. உலகம் முழுவதும் பல கோடி லேபிள்களில் அச்சான ஒரு கலப்படக் கணக்கு!

ஒரு டிரைவில் படிக்காத டிஸ்க் இன்னொன்றில் படிக்கும். ஹெட் நிற்கும் இடம் டிரைவுக்கு டிரைவ் ஒரு மயிரிழை மாறும். எழுதிய டிரைவே கைவசம் இருந்தால் அதில்தான் படிக்க வாய்ப்பு அதிகம். பழைய கம்ப்யூட்டரின் ஃபிளாப்பி டிரைவைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்க இது ஒரு காரணம். 5.25 அங்குல டிஸ்க்குகளுக்கு யுஎஸ்பி டிரைவ் கிடையாது. பழைய டிரைவை கிரீஸ்வீசில் என்ற சின்ன சர்க்யூட் போர்டு வழியாக இணைத்து, காந்தத் துடிப்புகளை அப்படியே பதிவுசெய்ய வேண்டும். அது பொறுமைக்காரர்களுக்கான வேலை. அந்த டிஸ்க்குகளில் விளையாட்டுகள் மட்டும்தான் இருக்கின்றன என்றால் நான் மெனக்கெட மாட்டேன்.

ஒரே ஜிப் கோப்பை ஐந்தாறு ஃபிளாப்பிகளில் பிரித்து வைத்திருந்தால் எல்லா டிஸ்க்கும் வேண்டும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கடைசி டிஸ்க்கில்தான் இருக்கும். அந்தக் காலத்தில் நடுவில் உள்ள டிஸ்க்தான் எப்போதும் காலை வாரும், இப்போதும் அப்படித்தான்.

படி 4: சிடி, டிவிடி

சிடியின் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள். தகவல் இருப்பதோ லேபிள் பக்கத்து மேல்பூச்சுக்குச் சற்றே அடியில். அடிப்பக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். மேல்பக்கம் உரிந்தால் அந்த இடம் போனது போனதுதான். ஒட்டிய காகித லேபிளைப் பிய்க்காதீர்கள். துடைப்பதாக இருந்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே நீளமாக விழுவதால் டிரைவால் பிழையைச் சமாளிக்க முடியாமல் போகும்.

சிடியைப் போட்டால் இரண்டே கோப்புகள்தான் தெரிகின்றன, ஆனால் அடிப்பக்கத்தில் பாதிவரை எழுதிய நிறமாற்றம் தெரிகிறதா? அது பல தவணைகளில் எழுதிய சிடியாக இருக்கலாம். சில மென்பொருள்கள் கடைசித் தவணையை மட்டும் காட்டும்படி எழுதிவிடும். முந்தைய கோப்புகள் அழியாமல் அடியிலேயே இருக்கும். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் எல்லாத் தவணைகளையும் காட்டும்.

படி 5: ஹார்ட் டிஸ்க்

ஐடிஇ டிஸ்க்கின் பின்பக்கத்தில் சின்ன ஜம்பர் ஒன்று இருக்கும். அடாப்டரில் மாட்டும்போது அதை மாஸ்டர் நிலையில் வையுங்கள். எந்த ஊசிகளில் போட வேண்டும் என்ற படம் பெரும்பாலும் டிஸ்க்கின் ஸ்டிக்கரிலேயே இருக்கும். நாற்பது ஊசிகளில் ஒன்று வளைந்திருந்தாலும் டிஸ்க் தெரியாது, அழுத்திச் சொருகாதீர்கள்.

டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுத்ததும் காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். சீராகச் சுற்றும் சத்தமும் மெல்லிய சலசலப்பும் நல்ல அறிகுறி. டக், டக், டக் என்று ஒரே தாளத்தில் தட்டினால் உடனே நிறுத்துங்கள். ஹெட் தன் இடத்தைத் தேடித் தோற்கிற சத்தம் அது. தொடர்ந்து ஓடவிட்டால் தட்டின் மேற்பரப்பையே வழித்துவிடலாம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் மிச்சமிருந்த வாய்ப்பும் போகும். முக்கியமான கோப்புகள் என்றால் தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு ஆய்வகத்திடம் கொடுப்பதுதான் ஒரே வழி. செலவு அதிகம். தகுமா என்பதை முடிவுசெய்துகொண்டு போங்கள்.

டிஸ்க் நன்றாக ஓடினால் இங்கேயும் முதலில் இமேஜ், அப்புறம்தான் உள்ளே மேய்வது. எக்ஸ்பி டிஸ்க்கில் "மை டாக்குமென்ட்ஸ்" ஃபோல்டரோடு நின்றுவிடாதீர்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கடிதங்களெல்லாம் பயனர் பெயருக்குக் கீழே, மறைந்திருக்கும் "லோக்கல் செட்டிங்ஸ்" ஃபோல்டரின் ஆழத்தில் கிடக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை ஆன் செய்தால்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் "ஃபான்ட்ஸ்" ஃபோல்டரையும் மறக்காமல் அள்ளிக்கொள்ளுங்கள். ஏன் என்று படி 7-இல் தெரியும்.

கோப்பின் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தால் அதை விண்டோஸே என்கிரிப்ட் செய்திருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியிருக்கிறது. அதைத் திறக்க அந்தப் பழைய பயனர் கணக்கின் சாவி வேண்டும், அது அந்த டிஸ்க்கிலேயே இருக்கும். அதனால் டிஸ்க்கை இப்போதைக்கு அழிக்காதீர்கள்.

படி 6: பழைய வைரஸும் உயிரோடு இருக்கும்

ஐபிஎம் பிசிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் பிரெய்ன் 1986-இல் வந்தது, ஃபிளாப்பியின் பூட் செக்டரில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் படிக்கும் இடத்தில்) குடியிருக்கும். டாஸ் காலத்து வைரஸ்களுக்கு இன்றைய 64-பிட் விண்டோஸில் வேலையில்லை. 16-பிட் நிரல்களை அது ஓட்டவே ஓட்டாது. கவலைப்பட வேண்டியது அடுத்த தலைமுறையைப் பற்றி. 1999-இல் பரவிய மெலிசா, வேர்டு கோப்பின் மேக்ரோவாக (கோப்புக்குள் இருக்கும் சின்ன நிரலாக) வந்தது. 2000 மே மாதத்து ஐ லவ் யூ காதல் கடிதம் போல மின்னஞ்சலில் வந்தது. இந்த வகையறாக்கள் உங்கள் பழைய கடிதப்பெட்டியில் இணைப்புகளாக இன்னும் உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே, இமேஜிலிருந்து எடுத்த கோப்புகளை ஆன்டிவைரஸ் கொண்டு சோதித்த பிறகே திறக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய மின்னஞ்சல் மென்பொருள்களில் ஒரு ஃபோல்டரின் எல்லாக் கடிதங்களும் ஒரே கோப்பாக இருக்கும். அதில் ஒரு கடிதத்தில் வைரஸ் இருந்தால் ஆன்டிவைரஸ் மொத்தக் கோப்பையும் தூக்கிக் கொண்டுபோய் அடைத்துவிடும். பத்து வருடக் கடிதங்களும் போச்சு என்று பதற வேண்டாம், குவாரன்டைனிலிருந்து திரும்ப எடுக்கலாம். இமேஜும் கையில் இருக்கிறது.

படி 7: கோப்புகளைத் திறப்பது

முதலில் லிப்ரே ஆஃபீஸை நிறுவிக்கொள்ளுங்கள். பழைய வேர்டு, வேர்டுபெர்ஃபெக்ட், லோட்டஸ் 1-2-3 கோப்புகளை அது திறக்கும். இன்றைய மைக்ரோசாஃப்ட் வேர்டோ தன்னுடைய மிகப் பழைய வடிவங்களையே பாதுகாப்புக் காரணம் சொல்லித் தடுக்கும். வேர்டுஸ்டார் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கோணல்மாணலாகத் தெரியும். சொல் முடிவை அடையாளம் காட்ட அந்த எழுத்தின் எட்டாவது பிட்டை அது எடுத்துக்கொண்டதுதான் காரணம். அந்த பிட்டை நீக்கினால் உரை வந்துவிடும். ரியல்பிளேயர் வீடியோக்களை விஎல்சி ஓட்டும். நெட்ஸ்கேப் கடிதங்கள் வெறும் உரைக்கோப்புகள்தான், தண்டர்பேர்டில் சேர்த்துவிடலாம். பழைய விளையாட்டுகளுக்கு, டாஸ் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருள்.

நம் தலைவலி தமிழ்க் கோப்புகள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது ஏற்பாடான யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டாலும், அது நம் மேசைக்கு வந்து சேர இன்னும் பல வருடம் ஆயிற்று. அதுவரை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள்தான் கதி. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் தட்டியது ஆங்கிலம். எழுத்துரு போட்ட வேஷம்தான் தமிழ். பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று எழுதிய கோப்பை வேறு எழுத்துருவில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்பது இகரக் கொம்பு, ஓ என்றால் ழ, அரைப்புள்ளிதான் மெய்ப்புள்ளி. இதைப் பார்த்துக் கோப்பு கெட்டுப்போனது என்று அழித்தவர்கள் நிறையப் பேர்.

கோப்பை லிப்ரே ஆஃபீஸில் திறந்து, உரையின் மேல் கர்சரை வையுங்கள். எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் மேலே பெட்டியில் தெரியும். பழைய டிஸ்க்கிலிருந்து அள்ளிய ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் அதே எழுத்துருவைத் தேடி நிறுவினால் உரை உடனே தமிழாகத் தெரியும். இது பார்ப்பதற்கு மட்டும். தேடவும் திருத்தவும் பத்திரப்படுத்தவும் யூனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று குறியாக்கத்துக்குக் குறியாக்கம் (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஏற்பாடு) மாற்றும் மென்பொருள் வேறு. என்எச்எம் கன்வர்ட்டர் இவற்றில் பலவற்றைக் கையாளும். டிஸ்கி என்றால் லினக்ஸின் ஐகான்வ் கட்டளையே மாற்றித் தரும்.

மாற்றிய பிறகு கண்ணால் ஒரு முறை படியுங்கள். துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோல இருந்ததால் ஒன்றுக்கு ஒன்றைத் தட்டியிருப்பார்கள். அதேபோல "கௌ" பல இடங்களில் "கெள" என்று ளகரத்தோடு இருக்கும். காகிதத்தில் வித்தியாசம் தெரியாது, தேடும்போதுதான் சொல் அகப்படாது. நடுவில் வந்த ஆங்கிலச் சொற்களையும் மாற்றும் மென்பொருள் தமிழ் என்று நினைத்துக் கொத்திவிட்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: இணையத்தில் "இங்கே ஒட்டுங்கள், மாற்றித் தருகிறோம்" என்று இலவசப் பக்கங்கள் உண்டு. கவிதைக்கு அது போதும். டைரி, குடும்பக் கடிதம், வங்கி விவரம் உள்ள கோப்பு என்றால் கம்ப்யூட்டரிலேயே ஓடும் மாற்றியைப் பயன்படுத்துங்கள். ஒட்டியது அந்தப் பக்கத்துக்காரரின் சர்வரில் எத்தனை நாள் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

படி 8: பழைய கணக்குகளைத் தேடிப் பிடியுங்கள்

இனி பூட்டும் வேலை. அன்றைக்குப் பூட்டு என்பதே பெயரளவுக்குத்தான். விண்டோஸ் 98 பாஸ்வேர்டு கேட்கும். எஸ்கேப் பட்டனைத் தட்டினால் "சரி, வாங்க" என்று உள்ளே விட்டுவிடும். பல யூனிக்ஸ் அமைப்புகள் பாஸ்வேர்டில் முதல் எட்டு எழுத்துகளை மட்டும்தான் பார்க்கும், மிச்சத்தை நீங்கள் தட்டியது வீண். அந்தக் காலத்தில் பழகிய எட்டெழுத்துப் பாஸ்வேர்டுதான், வாலில் ஓர் எண்ணும் ஆச்சரியக்குறியும் சேர்ந்து, இன்றும் பலரின் கணக்குகளைக் காத்துக்கொண்டிருக்கிறது.

மீட்ட கடிதங்களில் "நல்வரவு", "உறுதிப்படுத்துங்கள்" என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். எங்கெல்லாம் கணக்குத் தொடங்கினீர்கள் என்ற பட்டியல் கையில் வந்துவிடும். மூடிய சேவைகள் பல இருக்கும். ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி போய்ச் சேர்ந்தது, ஜியோசிட்டீஸ் அதற்கு ஐந்து வருடம் முன்பே. அவற்றை அடித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைச் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்: இன்று நீங்கள் பயன்படுத்தும் முக்கிய மின்னஞ்சலின் செட்டிங்ஸைத் திறந்து, மீட்பு மின்னஞ்சல் என்ற இடத்தில் என்ன முகவரி இருக்கிறது என்று பாருங்கள். பலருக்கு அங்கே 2000-களில் தொடங்கிய, பல வருடமாகத் திறக்காத முகவரி இருக்கும். இன்றைய மின்னஞ்சலுக்கு எவ்வளவு வலுவான பாஸ்வேர்டு வைத்தாலும், "மறந்துவிட்டேன்" என்று அழுத்தினால் சாவி அந்தப் பழைய முகவரிக்குப் போகும். அந்த முகவரியின் பாஸ்வேர்டோ எட்டெழுத்து. முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைக் கயிற்றால் கட்டி வைத்த கதைதான்.

கொல்லைக் கதவு வழியாக வந்தவர்கள் உண்டு. 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சலுக்குள் ஒருவர் நுழைந்தார். பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், கணவரை முதலில் சந்தித்த இடம்: மீட்புக் கேள்விகளுக்கான விடைகள் எல்லாம் இணையத்தில் தேடக் கிடைத்தவை. 2013-இல் யாஹூ, ஒரு வருடத்துக்கு மேல் யாரும் திறக்காத பயனர் பெயர்களை விடுவித்துப் புதியவர்களுக்குக் கொடுத்தது. உங்கள் பழைய முகவரி வேறொருவர் கைக்குப் போனால், உங்களுக்கு வரவேண்டிய பாஸ்வேர்டு மாற்றும் கடிதமும் அவருக்குத்தான். சொந்தமாக டொமைன் வாங்கி மின்னஞ்சல் வைத்திருந்து புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கும் இதே கதி. டொமைனை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

எனவே, பழைய முகவரி திறந்தால் கடிதங்களை இறக்கிக்கொண்டு, அதை எந்தெந்தக் கணக்குகளில் கொடுத்திருக்கிறீர்களோ அவை எல்லாவற்றிலும் மாற்றுங்கள். மாற்றி முடித்த பிறகே மூடுங்கள். திறக்கவே முடியவில்லை என்றாலும் கணக்குகளிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். கூகுள், இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டது. படங்கள் உள்ள பழைய ஜிமெயில் இருந்தால் இன்றைக்கே ஒரு தடவை லாகின் செய்யுங்கள்.

அடுத்து, கணினிப் பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தில் உங்கள் முகவரிகளைப் போட்டுப் பாருங்கள், எந்தெந்தக் கசிவில் சிக்கியது என்று காட்டும். பழைய முகவரி என்றால் பெரும்பாலும் சிக்கியிருக்கும். யாஹூவின் 2013 ஊடுருவலில் மட்டும் அதன் எல்லாக் கணக்குகளும், அதாவது 300 கோடி, பாதிக்கப்பட்டதாக அந்நிறுவனமே 2017-இல் ஒப்புக்கொண்டது. "உன் பாஸ்வேர்டு இது, உன் கேமராவில் உன்னைப் படம் பிடித்துவிட்டேன், பணம் அனுப்பு" என்று மிரட்டும் மின்னஞ்சல்கள் இந்தக் கசிவுகளின் மிச்சம். உள்ளே உங்கள் உண்மையான பழைய பாஸ்வேர்டு இருப்பதால் பகீரென்று இருக்கும். படமும் இல்லை, ஒன்றும் இல்லை. பணம் அனுப்பாமல், அந்தப் பாஸ்வேர்டு எங்கேனும் மிச்சமிருந்தால் மாற்றுங்கள்.

படி 9: புதிய பூட்டு

எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பூட்டி வைக்கும் மென்பொருளான பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்று வேண்டும். பிட்வார்டன் எல்லாக் கருவிகளிலும் தானாக ஒத்திசையும். கீபாஸ்எக்ஸ்சி கோப்பாக உங்கள் கையிலேயே இருக்கும், பேக்கப் உங்கள் பொறுப்பு. எது வேண்டுமானாலும் சரி, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு மாதம் யோசிப்பதுதான் தவறு. கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு, அதை மேனேஜரே உருவாக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே கைவிட்டுவிட்டது. கசிந்தால் மாற்றுங்கள், போதும்.

நினைவில் வைக்க வேண்டியது மேனேஜரின் ஒரே ஒரு பாஸ்வேர்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு சொற்களைக் குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995-இல் சொன்ன டைஸ்வேர் முறையில் ஆறு முகப் பகடையை ஐந்து முறை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுப்பார்கள். அதே முறையில் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியும் பட்டியல் செய்துகொள்ளலாம். குறளின் முதலடியும் பாட்டின் பல்லவியும் வேண்டாம். நமக்குப் பிடித்த வரி இன்னும் லட்சம் பேருக்குப் பிடிக்கும்.

மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டாம் பூட்டு அவசியம். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைவிட, 30 வினாடிக்கு ஒரு முறை ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆதன்டிகேட்டர் செயலி மேல். உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றி ஓடிபியைப் பிடிக்கும் மோசடி அதில் பலிக்காது. பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் கருவியில் இருக்கும் டிஜிட்டல் சாவி) வசதி கொடுக்கும் தளங்களில் அதையே எடுங்கள். தளத்தின் முகவரியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருப்பதால் போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. மீட்புக் குறியீடுகளை அச்சிட்டுப் பூட்டிய இடத்தில் வையுங்கள். வீட்டுக்குள் இருக்கும் காகிதத்தை ஹேக் செய்ய ஆளே வீட்டுக்கு வரவேண்டும். தாய்வீட்டுப் பெயர், முதல் பள்ளி போன்ற கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லாதீர்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லி, அதையும் மேனேஜரில் எழுதி வையுங்கள்.

படி 10: மீட்டதை வைக்கும் விதம்

மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு இடத்தில். ஹார்ட் டிஸ்க் ஒன்று, கிளவுட் ஒன்று, உறவினர் வீட்டில் இன்னொரு டிஸ்க் என்று வைத்துக்கொள்ளலாம். பென் டிரைவில் நிரந்தரமாக வைக்காதீர்கள். மின்சாரம் படாமல் பல வருடம் கிடந்தால் அதன் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். மூலக் கோப்பையும் மாற்றிய கோப்பையும் சேர்த்தே வையுங்கள். நாளைக்கு இன்னும் நல்ல மாற்றி வரக்கூடும். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்தால் மீட்புச் சாவியை அதே டிஸ்க்கில் வைக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இவை எல்லாம் யாருக்குப் போக வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள். கூகுளில் செயல்படாக் கணக்கு நிர்வாகி என்றும், ஆப்பிளில் மரபுத் தொடர்பு என்றும் இதற்கு வசதி உண்டு.

படி 11: தூக்கிப் போடுவது

எல்லாப் பிரதிகளும் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கணக்குகளும் பூட்டியாயிற்று என்றால் இனி போடலாம். ஃபிளாப்பியின் உறையைப் பிளந்து உள்ளே உள்ள மெல்லிய வட்டைக் கத்தரியுங்கள். சிடியில் லேபிள் பக்கத்தை ஆழமாகச் சுரண்டினால் பளபளப்பு உரிந்து வந்துவிடும்.

ஓடும் ஹார்ட் டிஸ்க் என்றால் முழுவதும் ஒரு முறை மேலெழுதினாலே போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் பழைய டிஸ்க்குகளின் காலத்துக் கணக்கு. "குயிக் ஃபார்மேட்" செய்து கொடுப்பதில் பயனில்லை, அது பட்டியலை மட்டும்தான் அழிக்கும். ஓடாத டிஸ்க்கில் துளையிட வேண்டும். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, தூளாகத் தெறிக்கும், கண்ணுக்குக் காப்பு போடுங்கள். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்), பென் டிரைவ் இவற்றில் மேலெழுதுவதை நம்ப முடியாது, ஒதுக்கி வைத்த செல்களில் பழைய தகவல் தங்கிவிடும். எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளரின் அழிப்புக் கருவி உண்டு. பென் டிரைவை உடைப்பதுதான் எளிது. பழைய குண்டு மானிட்டரை மட்டும் திறக்காதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஸ்மார்ட்போனை ரீசெட் செய்வதற்கு முன் கணக்கிலிருந்து வெளியேறுங்கள், சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். ரூட்டரை மறந்துவிடுவார்கள். அதில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் இணையச் சேவைக்கான பயனர் பெயரும் இருக்கின்றன. பின்பக்கத்துச் சின்னத் துளையில் ஊசியை விட்டுப் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். அதற்கு மின்சாரம் வேண்டும், ஆகவே சார்ஜர்களில் எது ரூட்டருடையது என்று கண்டுபிடிக்கும் வரை அந்த மூன்றையும் போட வேண்டாம்.